வி.ஐ.பி. சர்வரும் கடைசி வரிசை பேக்கப்பும்

டெக்னிக்கல் பதிவுதான், ஒத்துக்கறேன். ஆனா பொட்டி தட்டாதவங்களும் தைரியமா படிக்கலாம். கோயில் வரிசையில ஒரு தடவையாவது நின்னிருந்தா போதும், மத்ததெல்லாம் புரிஞ்சிடும்.

இந்த செமஸ்டர்ல எங்களுக்கு ஸ்டோரேஜ் பத்தி ஒரு பாடம் ஓடிட்டு இருக்கு. லண்டனுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வர்றதுக்கு முன்னாடி சென்னையில ஒரு கம்பெனியில ரெண்டு வருஷம் இதே வேலையில இருந்ததால பாதி விஷயம் பழகினதுதான். மீதிப் பாதி, அங்கே யாரும் வாயைத் திறந்து சொல்லாதது. அதைப் பத்திதான் இந்தப் பதிவு.

முதல்ல சின்ன அறிமுகம். பெரிய கம்பெனி, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் மாதிரி இடங்கள்ல ஒவ்வொரு சர்வருக்கும் உள்ளேயே டிஸ்க் வெச்சு விட்டுட மாட்டாங்க. நூறு சர்வர் சேர்ந்து ஒரே பெரிய ஸ்டோரேஜ் பெட்டியைப் பங்கு போட்டுக்கும். பங்காளிகள் சேர்ந்தா சண்டை வரும் இல்லையா? சம்பள சாஃப்ட்வேர் ஓடுற சர்வரும், எவனோ டெஸ்ட் பண்ற சர்வரும் ஒரே டிஸ்க்கை இழுக்கும். உடனே மேனேஜர், "முக்கியமான சர்வருக்கு முன்னுரிமை குடுத்துடுப்பா, பிரச்சினை தீர்ந்துடும்"னு சொல்லுவார். பெட்டியிலயும் அதுக்கு ஒரு வசதி இருக்கும். தங்கம், வெள்ளி, வெண்கலம்னு வகை பிரிச்சு விட்டுட்டா வேலை முடிஞ்சது.

முடிஞ்சதா? அங்கேதான் சிக்கல்.

கருவறை அகலம் மாறாது

திருச்செந்தூர்லயோ பழனியிலயோ சிறப்பு தரிசன வரிசை பார்த்திருப்பீங்க. டிக்கெட் வாங்கினவர் சீக்கிரம் போறார். ஆனா அதனால சந்நிதி அகலம் ஆகிடலை. அவர் மிச்சம் பிடிச்ச நேரத்தைப் பொது வரிசையில நிக்கிற பாட்டிதான் கட்டறாங்க. எல்லாரும் சிறப்பு டிக்கெட் வாங்கிட்டா? அதுவும் பொது வரிசைதான், காசு மட்டும் தண்டம்.

ஸ்டோரேஜ்லயும் இதே கணக்குதான். நிமிஷத்துக்கு 7200 தடவை சுத்துற டிஸ்க்கை எடுத்துக்கோங்க. ஒரு சுத்துக்கு 8.3 மில்லி செகண்ட். சராசரியா அரைச் சுத்து காத்திருக்கணும், அது 4 மில்லி செகண்ட். முள் இடம் மாற இன்னும் ஒரு 8. ஆக மொத்தம் 12 சொச்சம். அப்படின்னா ஒரு செகண்டுக்கு சுமார் 80 வேலை. நூறு டிஸ்க் போட்டா 8000. ரெய்டு 5 போட்டிருந்தா ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் ரெண்டு படிப்பு, ரெண்டு எழுத்துனு நாலு வேலை. எழுதுறது மட்டும்னா 8000 இப்போ 2000. முன்னுரிமைப் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் இந்த 2000 ஏறாது.

லியனார்ட் க்ளைன்ராக்னு ஒருத்தர், இணையத்துக்கு அடித்தளம் போட்டவர்கள்ல ஒருவர், 1965லயே வரிசைகளுக்கு ஒரு பாதுகாப்பு விதி சொன்னார். எளிமையா சொன்னா, வரிசையை எப்படி மாத்தி அடுக்கினாலும் மொத்தக் காத்திருப்பு அப்படியேதான் இருக்கும், ஆள்தான் மாறும். எல்லாருக்கும் சராசரி 20 மில்லி செகண்ட்னு வெச்சுக்கோங்க. பாதிப் பேரை 5க்கு இறக்கினா மீதிப் பாதிக்கு 35 ஆயிடும். டெமோ காட்டறப்ப அந்த 5ஐ மட்டும்தான் காட்டுவாங்க.

நிஜத்துல இன்னும் கொஞ்சம் மோசம். டிஸ்க் தனக்கு வசதியா, பக்கத்துப் பக்கத்து இடங்களை ஒண்ணா முடிச்சுட்டு நகரும், லிஃப்ட் மாடி மாடியா நிக்கிற மாதிரி. நடுவுல வி.ஐ.பி. வந்து "என்னை முதல்ல பத்தாவது மாடியில விடு"ன்னா, லிஃப்ட் மேலயும் கீழயும் அலையும். மொத்த வேலை குறையும்.

"இப்போ எல்லாம் ஃப்ளாஷ் தானே, முள்ளும் இல்ல சுத்தும் இல்ல"னு பின்னூட்டம் போடப் போறீங்க, தெரியும் :-) வேகம் பல மடங்கு கூடிடுச்சு, நிஜம். ஆனா ஃப்ளாஷ்ல பழசை அழிக்காம அதே இடத்துல புதுசா எழுத முடியாது. அந்தத் துப்புரவு வேலையை டிரைவ் தனக்குள்ளேயே செஞ்சுக்கும், உங்க தங்க சர்வர் யாருன்னு அதுக்குத் தெரியாது.

பஸ் லேன் பாலத்துல முடிஞ்சிடும்

லண்டன்ல பஸ்ஸுக்குனு தனி லேன் உண்டு. ஜாலியா போயிட்டே இருப்போம், திடீர்னு ரோடு குறுகற இடத்துல லேன் முடிஞ்சிடும். அப்புறம் காரோட காரா நிக்க வேண்டியதுதான்.

சர்வர்ல இருந்து டிஸ்க் வரைக்கும் வழியில நிறைய கை மாறுது: சர்வரோட அட்டை, ஃபைபர் சேனல் சுவிட்ச், பெட்டியோட வாசல், கேஷ், கடைசியா டிஸ்க். ப்ரோகேட் சுவிட்சுல உயர்வு, நடு, தாழ்வுனு மூணு தரம் போடலாம். ஆனா நெரிசல் டிஸ்க்ல இருந்தா சுவிட்சுல போட்ட முத்திரையால ஒரு பிரயோஜனமும் இல்லை. கேஷ் நிரம்பிட்டா தங்கமோ வெண்கலமோ, டிஸ்க் காலியாகிற வரைக்கும் எழுத்து நிக்கும்.

விர்ச்சுவல் மெஷின் வந்ததும் இன்னொரு குழப்பம். பெட்டியோட கண்ணுக்கு ஒரு சர்வர்தான் தெரியும், அதுக்குள்ள முப்பது மெஷின் ஓடறது தெரியாது. இதுக்குத்தான் வி.எம்.வேர் 2010ல ஸ்டோரேஜ் ஐ.ஓ. கன்ட்ரோல்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. தாமதம் ஒரு வரம்பைத் தாண்டினா (ஆரம்பத்துல 30 மில்லி செகண்ட்) பங்கு பிரிச்சுக் குடுக்கும். ஆனா அதே டிஸ்க்குகளை வி.எம்.வேருக்கு வெளியில இருந்து வேற சர்வர் இழுத்தா? "வெளியாள் சுமை இருக்கு"னு ஒரு எச்சரிக்கை மணி அடிக்கும். அவ்வளவுதான், அந்த வெளியாளை அதால அடக்க முடியாது.

தங்க சர்வர் யாரை நம்பி இருக்குங்கறது அடுத்த கேள்வி. டேட்டாபேஸுக்கு முதல் மரியாதை குடுத்துட்டு, எல்லாரும் லாகின் ஆகிற சர்வரை வெண்கலத்துல போட்டா என்ன ஆகும்? ராஜா வாசல்ல நிக்கணும், காவலாளி சாப்பிட்டு வர்ற வரைக்கும். 1997ல செவ்வாய்க்குப் போன பாத்ஃபைண்டர் கலம் இதே வியாதியாலதான் திரும்பத் திரும்ப ரீசெட் ஆச்சு. வானிலைத் தகவல் சேர்க்கிற கடைநிலை வேலை ஒரு பூட்டைக் கையில வெச்சிருக்க, முதல்நிலை வேலை அதுக்காகக் காத்துக் கிடந்தது.

சத்தம் போடாதவன் கடைசி

இப்போ நான் சொல்ல வந்த விஷயம். முன்னுரிமைப் பட்டியல் போட உக்காந்தா ஒவ்வொரு டிபார்ட்மென்டும் "எங்களோடதுதான் முக்கியம்"னு சண்டைக்கு வரும். ஆனா பேக்கப்புக்காகச் சண்டை போட ஆளே வராது. பழுதான டிஸ்க்குக்குப் பதில் புது டிஸ்க்கை நிரப்புற வேலைக்கு வக்கீல் கிடையாது. அதனால ரெண்டும் தானா கடைசிக்குப் போயிடும்.

10 டெராபைட் டிஸ்க், செகண்டுக்கு 200 மெகாபைட் வேகம்னா முழுசா நிரப்ப 50,000 செகண்ட், சுமார் 14 மணி நேரம். "யூசருக்குத் தொந்தரவு வேண்டாம்"னு கால்வாசி வேகத்துக்குக் குறைச்சா ரெண்டு நாளுக்கு மேல. அந்த ரெண்டு நாள்ல இன்னொரு டிஸ்க் போச்சுன்னா ரெய்டு 5ல கதை கந்தல். பகல்ல யூசருக்குக் குடுத்த அந்த சில மில்லி செகண்டுக்கு விலை இதுதான்.

இங்கே லண்டன்ல, ஸ்ட்ராண்ட் தெருவுல இருக்கிற கிங்ஸ் காலேஜ்ல 2016 அக்டோபர் 17ஆம் தேதி நடந்ததை எல்லாரும் படிக்கணும். எச்.பி. 3பார் ஸ்டோரேஜ்ல ஒரு கன்ட்ரோலர் பழுதாச்சு. மாத்தினா சரியாகிடணும், ஆனா மாத்தப் போய் மொத்த அமைப்பும் விழுந்துடுச்சு. சேவைகள் திரும்ப வர நாட்கள், சிலதுக்கு வாரங்கள் ஆச்சு. சில தகவல்கள் திரும்பவே இல்லை.

அங்கே விழுந்ததுக்குக் காரணம் முன்னுரிமை அமைப்பு இல்லை, தெளிவா சொல்லிடறேன். ஆனா பி.ஏ. கன்சல்டிங் நிறுவனம் விசாரிச்சு எழுதின அறிக்கையில ஒரு வரி விஷயம் இருக்கு. டேப்ல இடம் பத்தாததால, பகிர்வு டிரைவ்கள்ல இருந்த தகவலைத் தெரிஞ்சே டேப் பேக்கப்ல சேர்க்காம விட்டிருக்காங்க. அதோட விளைவு என்னன்னு காலேஜுக்கு யாரும் சொல்லலை. இடப் பற்றாக்குறை வந்தப்போ யாரோ ஒரு வரிசை போட்டிருக்காங்க. கடைசியில நின்னது யாரோ ஒருத்தரோட ஆராய்ச்சி. அவருக்குத் தான் கடைசியில நிக்கிறதே தெரியாது.

மாஸ்டர்ஸ் தீசிஸ் எழுதப் போற எனக்கு இதைப் படிச்சப்போ வயித்தைக் கலக்குச்சு.

அப்போ முன்னுரிமையே வேண்டாமா? வேணும். டெஸ்ட் சர்வர் ஒண்ணு வெறி பிடிச்ச மாதிரி இழுத்தா அதுக்கு ஒரு உச்சவரம்பு போட இது நல்ல கருவி. பத்து நிமிஷ நெரிசலைச் சமாளிக்கும். ஆனா நெரிசல் தினமும் இருந்தா அது வரிசைப் பிரச்சினை இல்லை, பெட்டி பத்தலைங்கற பிரச்சினை. அதைக் காசு குடுத்துத்தான் தீர்க்கணும். இதுல செஃப்ங்கற திறமூல ஸ்டோரேஜ் மென்பொருள் கொஞ்சம் நேர்மையா நடந்துக்குது. யூசர் வேலைக்கு முதலிடமா, மீட்பு வேலைக்கு முதலிடமா, சரிபாதியானு மூணு அமைப்பு வெச்சு, நம்மளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுது. குறைஞ்சபட்சம், யாரைப் பின்னால தள்ளறோம்னு தெரிஞ்சு தள்ளுவோம்.

ஸ்டோரேஜ்ல வேலை பார்க்கிற பதிவர்கள் ரெண்டு மூணு பேர் இருக்கீங்கன்னு தெரியும். உங்க ஆபீஸ் பட்டியல்ல பேக்கப் எந்த இடத்துல இருக்கு, அதைக் கடைசியா எப்போ திரும்ப எடுத்துப் பார்த்தாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கம்பெனி பேர் வேண்டாம், வேலை போயிடும் :-)