எரிகாயத் தழும்புக்கான மருத்துவ ஆடை: பயனும் ஆபத்தும் உரிமையும்

ஆழமான எரிகாயம் வியர்வைச் சுரப்பிகளையும் எண்ணெய்ச் சுரப்பிகளையும் அழித்துவிடுவதால், ஆறிய இடத்தில் உருவாகும் தோல் தன் ஈரத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாமல் வறண்டு அரிப்பெடுப்பதோடு, பல வேளைகளில் தடித்த தழும்பாகி மூட்டுகளையும் இறுக்கிவிடுகிறது. இத்தழும்பை அடக்குவதற்காக நோயாளியின் உடலளவுக்கேற்பத் தைக்கப்படும் இறுக்கமான மீள்துணி உடையே அழுத்த ஆடை எனப்படும். அமெரிக்காவின் கல்வெஸ்டன் நகரிலுள்ள ஷ்ரைனர்ஸ் எரிகாய மருத்துவமனையின் பணியால் 1970களில் பரவலான இம்முறையில், தழும்பு முதிரும்வரை மாதக்கணக்கில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 23 மணி நேரம் ஆடையை அணிந்திருக்க வேண்டும்.

இத்துணியிலேயே கற்றாழைச் சாறு, விற்றமின் ஈ போன்ற தோல் பராமரிப்புப் பொருட்களை நுண்ணுறைகளில், அதாவது கண்ணுக்குப் புலப்படாத மிகச்சிறு கூடுகளில், அடைத்துப் பதிக்கும் தொழில்நுட்பமும் உருவாகியுள்ளது. அணியும்போது ஏற்படும் உராய்வினால் கூடுகள் உடைந்து உள்ளிருக்கும் பொருள் தோலில் படிகிறது; எனினும் ஒவ்வொரு சலவையிலும் கூடுகள் குறைவதால் அதன் பயன் நிலையானதன்று.

ஆறாத புண்ணின் மீது இவ்வாடையை அணிந்தால் தொற்று ஏற்படலாம். சேர்க்கப்பட்ட நறுமணப் பொருட்கள் ஒவ்வாமையைத் தூண்டலாம். தளர்ந்த துணி அழுத்தத்தை இழந்துவிடும். மிகை இறுக்கம் விறைப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும். இலங்கையின் மாவடிப்பள்ளி போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கிழக்குக் கரை ஊர்களில் அரிப்பும் புழுக்கமும் கூடுமாதலால், வைத்தியரோ இயன் மருத்துவரோ அளவெடுத்துப் பரிந்துரைக்காமல் இதனை வாங்குதல் தகாது.

நுண்ணுறையின் சுவர் விலங்குகளிலிருந்து பெறப்படும் ஜெலற்றினாலும் ஆக்கப்படுவதுண்டு என்பதால், அது எவ்விலங்கினுடையது, உள்ளடக்கம் யாது என விற்பனையாளரிடம் கேட்டறிவது முஸ்லிம் நோயாளிகளுக்கு இன்றியமையாத உரிமையாகும். இலங்கையில் மருந்துகளும் மருத்துவச் சாதனங்களும், இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட எல்லைப் பொருட்களும் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. ஆகவே தழும்பைக் குணமாக்கும் எனக் கூறி விற்கப்படும் ஆடை அங்கு பதிவு செய்யப்பட்டதா என்று வினவலாம்.

ஆடை பொய்யான கூற்றுடன் விற்கப்பட்டிருப்பின், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்கீழ், விற்பனை நடந்து மூன்று மாதங்களுக்குள் அவ்வதிகாரசபையிடம் எழுத்து மூலம் முறையிடலாம்; 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் தொடர்புகொள்ளலாம். இதற்குப் பற்றுச்சீட்டும் பொதியுறையும் ஒவ்வாமை ஏற்பட்ட இடத்தின் படங்களும் சான்றாகுமாதலால், அவற்றைப் பேணி வைத்தல் வேண்டும்.

புதிய எரிகாயத்துக்கு எந்த ஆடையும் முதலுதவியாகாது. பற்பசையோ நெய்யோ பூசாமல், ஓடும் குளிர்ந்த நீரை 20 நிமிடங்கள் ஊற்றி, காயம் கடுமையாயின் 1990 சுவசெரிய இலவச அம்புலன்ஸ் சேவையை அழைத்து, அருகிலுள்ள அரச வைத்தியசாலையை நாட வேண்டும். ஆறிய பின்னர், விளம்பரத்தை நம்பிப் பணம் செலவிடுமுன், சிகிச்சையளித்த வைத்தியரின் எழுத்து மூலப் பரிந்துரையை ஒவ்வொரு குடும்பமும் கேட்டுப் பெறுக.