சூடேறும் மடிக்கணினி

புனே நகரின் வடமேற்கே வாகட்டில் குடியிருக்கும் தமிழன்பர் ஒருவர், மே மாதப் பிற்பகல் ஒன்றில் வீட்டிலிருந்தே அலுவலகப் பணி செய்துகொண்டிருந்தார். கட்டிலின்மேல் மெத்தை, மெத்தையின்மேல் மடிக்கணினி. மதுரையிலிருந்து தொலைபேசியில் அழைத்த அன்னையார், “என்னப்பா அங்கே இரைச்சல்? மிக்ஸியில் சட்னி அரைக்கிறாயா?” என்று கேட்டாராம். அரைபட்டது சட்னியன்று, மடிக்கணினிக்குள் இருக்கும் சின்னஞ்சிறு விசிறியே அவ்வாறு கூச்சலிட்டது. சற்று நேரத்தில் திரை அசையாது நின்றது. பின்னர் இருண்டும் போயிற்று.

வாகட்டுக்கு இது புதிய காட்சியன்று. ஹிஞ்சவடித் தகவல் தொழில்நுட்பப் பூங்காவை அடுத்துள்ள ஊர் அது. 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபொழுது, குளிர்பதனம் செய்த அறைகளில் வழவழப்பான மேசைகளின்மேல் வாழ்ந்துவந்த கணினிகள் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. வீட்டில் அவற்றுக்குக் கிடைத்த ஆசனம் மெத்தையும் தலையணையும்தாம். ஊரடங்கு நீங்கிய பின்னரும், வாரத்தில் சில நாளேனும் வீட்டுப்பணி செய்யும் வழக்கம் பலரிடம் நிலைத்துவிட்டது.

மடிக்கணினி சூடாவது பழுதாகுமா? ஆகாது. அது உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் வெப்பமாகவே மாறுகின்றது. கடுமையாக உழைக்கும்பொழுது சாதாரண மடிக்கணினி 40, 50 வாட் வரை மின்சாரம் கொள்ளக்கூடும். பழைய காலத்து 60 வாட் இழை விளக்கைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள், இவ்வளவு வெப்பம் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனமுள்ள பெட்டிக்குள் அடைபட்டால் என்னவாகும் என்பதை உணர்வார்கள். ஆகவே, வெப்பம் ஏன் பிறக்கின்றது என்பதன்று கேள்வி. பிறந்த வெப்பம் வெளியேற வழியிருக்கின்றதா என்பதே கேள்வி.

அந்த வழியை அமைத்திருக்கும் விதம் வியப்புக்குரியது. கணக்கிடும் சில்லின்மேல் தட்டையான செப்புக்குழாய் ஒன்று படிந்திருக்கும். அதனுள்ளிருந்து காற்றை நீக்கிச் சிறிதளவு நீரை வைத்து மூடியிருப்பார்கள். காற்றில்லாமையால் அந்த நீர் 100 டிகிரிக்கு மிகவும் முன்னதாகவே ஆவியாகிவிடும். இட்லிப் பானையில் எழும் ஆவி மூடியில் பட்டுத் துளித்துளியாய் நிற்பதைத் தாய்மார்கள் நாள்தோறும் காண்கிறார்கள் அல்லவா? அவ்வாறே இந்த ஆவியும் குழாயின் குளிர்ந்த முனைக்கு ஓடி, வெப்பத்தை அங்கே இறக்கிவைத்து, மீண்டும் நீராகின்றது. குத்துவிளக்கின் திரி எண்ணெயை ஈர்ப்பதுபோல், குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் அந்நீரைச் சில்லின் பக்கம் ஈர்த்துக்கொண்டு வருகின்றது. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பார் 1963இல் இத்தகைய குழாயைச் செய்து காட்டினார். பின்னர் விண்கலங்களிலும் பயன்பட்ட அம்முறையே இன்று நம் மடிமீது இருக்கின்றது. குளிர்ந்த முனையில் மெல்லிய உலோகத் தகடுகள் வரிசையாய் நிற்கும். விசிறி அவற்றினூடே காற்றை வீசி வெப்பத்தை வெளியே தள்ளும்.

விசிறிக்கு வேண்டிய காற்று பெரும்பாலும் கணினியின் அடிப்புறத் துளைகள் வழியாகவே உள்ளே செல்கின்றது. மெத்தையில் வைத்தால் அத்துளைகள் மூடிக்கொள்கின்றன. விசிறி எவ்வளவு வேகமாய்ச் சுழன்றாலும் பயனில்லை. வெப்பம் எல்லை மீறும் நிலையில் சில்லு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதெனில் கணினி தானே நின்றுவிடும். நம் அன்பருக்கு நேர்ந்தது இதுதான். அது கணினியின் மரணமன்று, தற்காப்பு.

இதற்கு விலையுயர்ந்த விசிறிப் பீடம் வாங்கத்தான் வேண்டுமென்பதில்லை. கெட்டியான பலகை ஒன்று போதும். மராத்தியர் உணவருந்த அமரும் ‘பாட்’ என்னும் தாழ்ந்த மணை, புனேயின் துளசிபாக் கடைத்தெருவில் கிடைக்கும். நம் ஊர் மணையும் அதுவும் உடன்பிறப்புகளே. அதன்மேல் கணினியை வைத்து, பின்புறத்தில் சிறு கட்டைகளைக் கொடுத்து விரலளவு உயர்த்தினால் காற்று தாராளமாய்ச் செல்லும். மடியில் நேரே வைத்து மணிக்கணக்கில் உழைப்பவர்களின் தொடையில் வலைபோன்ற கருஞ்சிவப்புத் தழும்பு தோன்றியதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காஷ்மீரத்தில் ‘காங்கடி’ என்னும் கனற்சட்டியை அங்கிக்குள் வைத்துக் குளிர்காய்வோருக்கு ஏற்படும் அதே தழும்புதான்.

அடுத்த பகை தூசி. புதிய கட்டடங்கள் ஓயாது எழும் வாகட்டில் இதைப்பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அது தகடுகளின் இடுக்கில் கம்பளிபோல் படியும். கணினியை நிறுத்தி, மின்னிணைப்பை எடுத்தபின், வெளித்துளைகளில் காற்றூதியால் விட்டுவிட்டு ஊதலாம். வாயால் ஊதுதல் கூடாது. எச்சில் உள்ளே தெறிக்கும். அலுவலகக் கணினியாயின் திருகாணியைத் தொடாது உரியவர்களிடம் ஒப்படைப்பதே முறை. சில ஆண்டுகளில் சில்லுக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள பசை காய்ந்துபோவதும் உண்டு; அதை மாற்றுவது கைதேர்ந்தவர் வேலை.

கோடையில் புனே 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. பல மடிக்கணினிகளுக்கோ 35 டிகிரி வரைதான் ஏற்ற அறை வெப்பம் என்று அவற்றின் குறிப்பேடுகள் கூறுகின்றன. எனவே கடினமான வேலைகளைக் காலையிலேயே முடித்துக்கொள்வதும், பயனின்றித் திறந்துகிடக்கும் பக்கங்களை மூடிவிடுவதும் நலம். குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துக் குளிர்விக்கலாமே என்று எண்ணுவோரும் உளர். வேண்டா! வெளியே எடுத்தவுடன் ஈரக்காற்று அதன் உள்ளும் புறமும் நீராய்ப் படியும்.

இதுவரை சொன்னவை பொறுத்திருந்து சரிசெய்யத் தக்கவை. பொறுக்கத் தகாதது ஒன்று உண்டு. அது பேட்டரியின் வீக்கம். இன்றைய பேட்டரிகள் லித்தியம் அயனி வகையைச் சேர்ந்தவை. வெப்பமும், எந்நேரமும் முழுமையாய் மின்னேற்றி வைத்திருக்கும் பழக்கமும் அவற்றை விரைவில் முதுமையடையச் செய்யும். மின்னேற்றத்தை 80 விழுக்காட்டில் நிறுத்தும் ஏற்பாடு பல கணினிகளில் உண்டு, அதைப் பயன்படுத்துக. உள்ளே வாயு திரண்டு பேட்டரி உப்பினால், தொடுபலகை மேலெழும்பும். மூடி சரியாகப் பொருந்தாது. சமமான மேசையிலும் கணினி தள்ளாடும். கண்டவுடன் கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைப் பிரித்து, திரைச்சீலை, மெத்தை முதலியவற்றினின்று விலக்கிக் கல்தரையில் வையுங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது. மீண்டும் மின்னேற்றவும் கூடாது. மாத இறுதி வேலை முடியட்டும் என்று ஒத்திப்போடுவது தீவிபத்துக்கு இடங்கொடுப்பதாகும். தீப்பற்றும் அபாயம் கருதியே 2006ஆம் ஆண்டில் டெல் நிறுவனம் சோனி தயாரித்த 41 இலட்சம் பேட்டரிகளைத் திரும்பப் பெற்றது. அவ்வழக்கில் குறை தயாரிப்பில் இருந்தது. எனினும் இவ்வகைப் பேட்டரி எரிந்தால் எத்தகையது என்பதை உலகம் அன்று கண்டது. பழைய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் எறியாது பழுதுபார்ப்பு நிலையத்திலோ மின்கழிவு சேகரிப்போரிடமோ ஒப்படைக்க வேண்டும். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களைச் சார்ந்தது என்று 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன.

விடுமுறைக்கு ஊர் செல்வோர்க்கும் ஒரு சொல். மூடியை மட்டும் சாத்திப் பையில் திணித்த கணினி, சில வேளைகளில் உள்ளுக்குள் தானே விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். துணிமணிகளுக்கு நடுவே காற்றுக்கு ஏது வழி? சென்னை வண்டி சோலாப்பூரைத் தாண்டுமுன் பை தோசைக்கல்லாய்க் கொதித்திருக்கும். ஆகையால் நிலையத்துக்குப் புறப்படுமுன் அதை முற்றிலும் நிறுத்தி, சூடு தணிந்த பின்னரே பையில் வையுங்கள்.