விளையாட்டுத் திடலுக்கு வந்த வரிப்பணம்

இங்கிலாந்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் குழந்தைகளின் உயரமும் எடையும் இருமுறை அளக்கப்படுகின்றன. பள்ளியில் சேரும் நான்கு, ஐந்து வயதில் ஒருமுறை. தொடக்கக் கல்வியை முடிக்கும் பத்து, பதினொரு வயதில் மறுமுறை. அண்மை ஆண்டுகளில் முதல் அளவீட்டின்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு குழந்தைக்கு உடற்பருமன் இருந்தது. இரண்டாம் அளவீட்டில் அது ஐந்தில் ஒரு பங்கிற்கும் மேலாக உயர்ந்தது. வறுமை மிகுந்த பகுதிகளில் உடற்பருமனுள்ள குழந்தைகளின் விகிதம், வசதி மிக்க பகுதிகளில் உள்ளதைவிட இருமடங்கிற்கும் அதிகம். இவ்விரு அளவீடுகளுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் குழந்தைகள் பகற்பொழுதின் பெரும்பகுதியைப் பள்ளியிலேயே கழிக்கின்றனர். ஆதலால், இந்நிலையை மாற்றப் பள்ளியால் என்ன செய்ய இயலும் என்னும் வினா எழுந்தது.

மானியம் பிறந்த வரலாறு

2012ஆம் ஆண்டு இலண்டனில் ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்றன. அவை ஊட்டிய ஆர்வம் பள்ளிகளில் நிலைபெற வேண்டும் என்னும் நோக்கில், 2013ஆம் ஆண்டு தொடக்கப் பள்ளிகளுக்கென உடற்கல்வி, விளையாட்டு மானியம் ஒன்றை அரசு அறிவித்தது. முதலில் ஆண்டுக்கு 15 கோடி பவுண்டு வழங்கப்பட்டது.

2016ஆம் ஆண்டு, சர்க்கரை மிகுந்த குளிர்பானங்களின் மீது புதிய வரி அறிவிக்கப்பட்டது. 100 மில்லிலிட்டரில் 5 கிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தால் ஒரு வரியும், 8 கிராமை எட்டினால் அதனினும் கூடுதலான வரியும் விதிக்கப்பட்டன. 2018 ஏப்ரலில் வரி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னரே நிறுவனங்கள் பலவும் தம் பானங்களில் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. எனவே, முதலில் மதிப்பிட்ட அளவுக்கு வரி வருவாய் கிட்டவில்லை. எனினும், வருவாய்க் குறைவே இவ்வரியின் வெற்றியாயிற்று. இவ்வரியைக் காரணமாகக் கொண்டு பள்ளி மானியமும் 2017 முதல் 32 கோடி பவுண்டாக உயர்ந்தது.

பணமும் நெறியும்

17 அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்களைக் கொண்ட பள்ளிக்கு 16,000 பவுண்டும், அத்துடன் மாணவர் ஒருவருக்கு 10 பவுண்டும் என மானியம் கணக்கிடப்பட்டது. 250 மாணவர் பயிலும் பள்ளிக்கு 18,500 பவுண்டு கிட்டும். அதனை 190 பள்ளி நாள்களுக்குப் பகிர்ந்தால், ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 39 பென்சு மட்டுமே. அரை பவுண்டுக்கும் குறைவான இத்தொகையைச் சிந்தித்தே செலவிட வேண்டும்.

அதற்கெனச் சில நெறிகளும் வகுக்கப்பட்டன. இப்பணத்தைக் கட்டடம் எழுப்பப் பயன்படுத்தலாகாது. வழக்கமான உடற்கல்விப் பாடவேளையை நடத்தும் செலவுக்குத் திருப்பவும் கூடாது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தல், விளையாட்டில் பின்தங்கிய குழந்தைகளை ஈடுபடுத்தல் போன்ற நிலைத்த பயன் தரும் பணிகளுக்கே அது உரியது. செலவு விவரத்தைப் பள்ளி தன் இணையதளத்தில் வெளியிடவும் வேண்டும்.

அரைமணி நேரத்தின் அளவு

குழந்தைகள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபட வேண்டும். அதில் 30 நிமிடம் பள்ளியிலேயே அமைய வேண்டும் என அரசு எதிர்பார்த்தது. அந்த அரைமணி நேரம் மட்டுமே உடல் எடையைக் குறைத்துவிடுமா? 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை கொண்ட 330 மில்லிலிட்டர் குளிர்பானத்தில் 33 கிராம் சர்க்கரை உள்ளது. அது தரும் ஆற்றல் ஏறத்தாழ 130 கலோரி. 30 கிலோ எடையுள்ள குழந்தை அரைமணி நேரம் ஓடியாடினாலும் அவ்வளவு ஆற்றல் செலவாவது அரிது.

ஆய்வும் இதனையே உணர்த்துகிறது. இங்கிலாந்தின் மேற்கு மிட்லாண்ட்சு பகுதியில் 50க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்த ஆய்வொன்றின் முடிவு 2018இல் வெளியானது. நாள்தோறும் கூடுதலாக 30 நிமிட உடலுழைப்பும், குடும்பத்தினருடன் சமையல் பயிற்சியும் அளித்தபோதிலும், உடற்பருமனில் குறிப்பிடத்தக்க மாற்றம் காணப்படவில்லை. வீட்டின் உணவும், கடையின் விலையும், தெருவின் பாதுகாப்பும் பள்ளியின் ஆளுகைக்கு அப்பாற்பட்டவை அல்லவா?

எது பயன்?

அவ்வாறாயின் மானியம் வீண் எனக் கொள்ளலாமா? கூடாது. எடை குறையாவிடினும், ஓடியாடும் குழந்தையின் இதயமும் எலும்பும் தசையும் வலுப்பெறுகின்றன, மனச்சோர்வு தணிகிறது. எடைக்கருவி காட்டாத நலன்கள் இவை. இந்நலன்கள் மிகுதியும் தேவைப்படும் குழந்தையே பெரும்பாலும் திடலின் ஓரத்தில் நிற்கிறது. அணி பிரிக்கும்போது இறுதிவரை அழைக்கப்படாத குழந்தை அது. எடையைச் சுட்டிக் கேலி செய்யப்பட்டால் மறுநாள் திடலுக்கே வர அஞ்சும் குழந்தையும் அதுவே. மானியம் கோப்பை வெல்லும் பதினொருவருக்கே செலவானால் இக்குழந்தையின் நிலை மாறாது.

ஐந்து முதல் பதினேழு வயதுவரை உள்ள அனைவருக்கும் நாள்தோறும் சராசரியாக 60 நிமிட உடலுழைப்பு தேவை என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் பரிந்துரை. அனைவருக்கும் என்னும் அச்சொல்லில் திடலின் ஓரத்தில் நிற்கும் குழந்தையும் அடங்கும். அக்குழந்தை தயக்கமின்றித் திடலின் நடுவே வந்து விளையாடும் நாளே மானியம் தன் பயனை எய்தும் நாளாகும்.