எட்டாம் வரிக்குப் பிறகு குளிர்காலம்

இயற்கையைப் பாட எதற்குப் பதினான்கு வரிக் கணக்கு என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம் ஆங்கிலக் கவிஞர் ஜான் கீட்ஸின் ஒரு சானெட்டைத்தான், அதாவது பதினான்கு வரிக் கவிதையைத்தான், எடுத்து வைப்பேன்.

1816 டிசம்பர் 30. லண்டனை ஒட்டிய ஹாம்ஸ்டெட்டில் கவிஞர் லீ ஹன்ட்டின் வீடு. வெட்டுக்கிளியையும் சுவர்க்கோழியையும் பற்றி, நேரம் பார்த்து, அங்கேயே ஆளுக்கொரு சானெட் எழுதலாமா என்று ஹன்ட் கேட்கிறார். 21 வயது கீட்ஸ் சம்மதிக்கிறார். முதலில் முடித்தவரும் அவரே. உடனிருந்த நண்பர் சார்லஸ் கௌடன் கிளார்க் இதைப் பிற்காலத்தில் எழுதி வைத்தார்.

இருவரும் எடுத்துக்கொண்டது இத்தாலியக் கவிஞர் பெட்ரார்க்கின் பெயரால் வழங்கும் வடிவம். ஆங்கிலத்தில் வரிக்குப் பத்து அசை. முதல் எட்டு வரிகளில் 1, 4, 5, 8 ஒரே ஒலியில் முடியும். 2, 3, 6, 7 இன்னோர் ஒலியில். ஒன்பதாம் வரியில் புது இயைபு தொடங்கும். காதில் விழும் அந்த மாற்றத்தோடு கருத்தும் திரும்ப வேண்டும். அந்தத் திருப்பம்தான் சானெட்டின் உயிர்.

ஹன்ட் முதல் நான்கு வரிகளை வெட்டுக்கிளிக்கும் அடுத்த நான்கைச் சுவர்க்கோழிக்கும் பங்கிட்டார். திருப்பத்தில் இரண்டையும் உறவாக்கி வாழ்த்தினார். அழகான கவிதை. கீட்ஸோ எட்டு வரிகளையும் கோடைக்கே கொடுத்தார். வெயிலுக்குப் பறவைகள் மரநிழலில் ஒடுங்க, வெட்டுக்கிளியின் குரல் வேலிக்கு வேலி ஓடுகிறது. வகுப்பில் மீதி வரிகளைக் கையால் மறைத்து, அடுத்து என்ன வரும் என்று கேட்பேன். இலையுதிர்காலம் என்பார்கள். கையை எடுத்தால் உறைபனி மாலை. வெளியே சத்தமே இல்லை. அடுப்பருகே சுவர்க்கோழி பாடுகிறது. அரைத்தூக்கத்தில் இருப்பவருக்கு அது புல்வெளி வெட்டுக்கிளியாகவே கேட்கிறது. பனி கொண்டுவரும் அந்த மௌனத்தை வாசித்த இடத்தில் ஹன்ட் வாய்விட்டுப் பாராட்டினார் என்கிறார் கிளார்க்.

மண்ணின் பாட்டு ஓய்வதில்லை என்ற எண்ணம் முதல் வரியிலும் வருகிறது, ஒன்பதாம் வரியிலும் வருகிறது. கோடையில் அதை யாரும் நம்புவார்கள். குளிர்காலத்தில் நிரூபித்தாக வேண்டும். மீதமிருந்த வரிகளை கீட்ஸ் அதற்கே செலவிட்டார். இடைப்பட்ட பருவத்துக்கு ஒரு சொல்கூடத் தரவில்லை. வரிக்கணக்கு இல்லையென்றால் பருவங்களை அடுக்கிக்கொண்டே போயிருக்கலாம். பதினான்கே வரி என்றதால்தான் எதை விடுவது என்று அவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது.