தாத்தாவின் மூச்சுத்திணறல் எந்த நிலையில் உள்ளது?

பத்துமலையின் 272 படிகளை ஏறி முடித்தால் உங்களுக்கும் மூச்சு வாங்கும். சற்று நேரம் நின்றால் சரியாகிவிடும். ஆனால், பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், சமதரையில் நடக்கும்போதே உங்கள் தாத்தா கடைக்குக் கடை நின்று மூச்சு வாங்குகிறாரா? "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று விட்டுவிடாதீர்கள். பல ஆண்டுகள் புகைபிடித்தவர், இருமலும் சளியும் விடாதவர் என்றால், அது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாக இருக்கலாம். மருத்துவர்கள் இதை சிஓபிடி என்பார்கள்.

மூச்சுக்குழாய் அழற்சி, எம்பிசீமா ஆகியவற்றை மூன்றாம் படிவ அறிவியலில் படித்திருப்பீர்கள். சிஓபிடி நோயாளிகள் பலருக்கு இவ்விரண்டும் சேர்ந்தே இருக்கும். குழாய்கள் வீங்கி, சளியால் குறுகிப்போகும். காற்று நுண்ணறைகளின் சுவர்கள் சிதையும். வாய் குறுகிய புட்டியைக் கவிழ்த்தால் தண்ணீர் மெல்ல வருவதுபோல, உள்ளே போன காற்று வெளியே வரத் திணறும்.

நோய் எவ்வளவு கடுமையானது என்பதை அறிய மருத்துவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுகிறார்.

1. எவ்வளவு ஊத முடிகிறது?

இதை அளப்பது ஸ்பைரோமீட்டர். 1846-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் ஹட்சின்சன் இக்கருவியை விளக்கி எழுதினார். இன்று, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்த பிறகு, நோயாளியை முழு மூச்சு இழுத்து வேகமாக ஊதச் சொல்வார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். ஒருவர் ஊதிய மொத்தக் காற்று 3 லிட்டர். அதில் முதல் விநாடியில் வந்தது 1.5 லிட்டர். 1.5 ÷ 3 = 0.5. இந்த விகிதம் 0.7-க்குக் கீழே இருந்தால் அடைப்பு உள்ளது என்று பொருள். அவருடைய வயது, உயரம், பாலினம் கொண்ட ஆரோக்கியமானவர் முதல் விநாடியில் 2.5 லிட்டர் ஊதுவார் என்று வைத்துக்கொள்வோம். 1.5 ÷ 2.5 = 60 விழுக்காடு. 'கோல்ட்' என்ற அனைத்துலக அமைப்பின் அட்டவணை இது:

நிலை 1 (லேசானது): 80 விழுக்காடும் அதற்கு மேலும்
நிலை 2 (நடுத்தரம்): 50 முதல் 79
நிலை 3 (கடுமை): 30 முதல் 49
நிலை 4 (மிகக் கடுமை): 30-க்குக் கீழ்

நம் கணக்கில் வந்தவர் நிலை 2.

2. அன்றாட வாழ்க்கை எவ்வளவு தடைபடுகிறது?

இதற்கு 0 முதல் 4 வரை ஓர் அளவுகோல் உண்டு. கடும் உடற்பயிற்சியின்போது மட்டும் மூச்சு வாங்கினால் 0. வேகமாக நடக்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ வாங்கினால் 1. சமதரையில் தம் வயதினரைவிட மெதுவாக நடந்தால் 2. ஏறக்குறைய 100 மீட்டருக்குள் நிற்க வேண்டியிருந்தால் 3. சட்டை மாட்டும்போதே மூச்சு வாங்கி, வீட்டைவிட்டு வெளியேற முடியாவிட்டால் 4.

3. கடந்த ஓராண்டில் எத்தனை முறை நோய் திடீரென முற்றியது?

கிருமித் தொற்றோ புகைமூட்டமோ இதைத் தூண்டலாம். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அத்தகைய நாள்களில் இந்நோயாளிகள்தான் முதலில் தவிப்பார்கள்.

மூன்று கேள்விகள் ஏன்? இரண்டு முதியவர்களைக் கற்பனை செய்யுங்கள். இருவருக்கும் 60 விழுக்காடுதான். பிரிக்பீல்ட்ஸ்காரர் தினமும் சந்தைக்கு நடந்து போய் வருகிறார். கிள்ளானில் இருப்பவரோ 100 மீட்டரில் நின்றுவிடுகிறார். சென்ற ஆண்டு நோய் முற்றி மருத்துவமனையிலும் படுத்தார். ஊதும் கணக்கில் இருவரும் ஒரே நிலை. ஆனால், 2023-ஆம் ஆண்டு கோல்ட் அறிக்கையின்படி, முதலாமவர் ஏ பிரிவு. இரண்டாமவர் இ பிரிவு. அறிகுறிகள் அதிகமாக இருந்தும் நோய் அடிக்கடி முற்றாதவர்கள் பி பிரிவு. தொடக்க சிகிச்சையைத் தீர்மானிக்க இப்பிரிவு உதவுகிறது.

சிதைந்த நுண்ணறைகள் மீண்டும் முளைப்பதில்லை. ஆனால், எந்த நிலையில் புகைபிடிப்பதை நிறுத்தினாலும் நுரையீரலின் சரிவு மெதுவாகும். அதற்கு உதவும் சேவை அரசாங்க சுகாதாரக் கிளினிக்குகளில் உண்டு.

அடுத்த முறை தாத்தாவுடன் நடக்கும்போது, அவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார் என்று கவனியுங்கள். ஓராண்டில் எத்தனை முறை நோய் முற்றியது என்றும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளுடன் அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மூன்று கேள்விகளில் இரண்டுக்கு விடை உங்கள் கையில் இருக்கும். மூன்றாவதை ஸ்பைரோமீட்டர் சொல்லும்.