கையளிக்கப்படாத நிலம்: வான்கூவர் நகரும் முதற்குடியினரும்

கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரம் 1886-இல் நிறுவப்பெற்றது. அது அமைந்துள்ள நிலத்தை மஸ்குவியம், ஸ்குவாமிஷ், ஸ்லேவாட்டூத் ஆகிய முதற்குடியினர் எந்த உடன்படிக்கையின் வழியும் கையளித்ததில்லை. 2014 ஜூனில் நகரமன்றம் இவ்வுண்மையைத் தீர்மானமாக ஏற்றது. அவ்வாண்டிலேயே ‘நல்லிணக்க நகரம்’ என்னும் இலக்கையும் வகுத்துக்கொண்டது. கையளிக்கப்படாத நிலம் என ஏற்றபின், அது யாருடையது என்னும் வினா எழுகிறது. அதற்கு விடையளிக்கும் அதிகாரம் நகரமன்றத்திடம் இல்லை. 1867-ஆம் ஆண்டு அரசமைப்பின்படி முதற்குடியினர் பற்றிய சட்டமியற்றல் கூட்டாட்சி அரசுக்குரியது. நகரமோ மாகாணச் சட்டத்தால் உருவானது.

பெயர்கள் நகரமன்றத்தின் கைக்குள் இருப்பவை. முதற்குடியினரின் நில உரிமையை மறுத்து, அவர்தம் ஒதுக்கீட்டு நிலங்களைச் சுருக்கிய ஜோசப் டிரட்ச் என்பாரின் பெயர்கொண்ட தெரு, 2025-இல் மஸ்குவியம் மொழிப் பெயரைப் பெற்றது.

நிலத்தின் கதை வேறு. இன்றைய பர்ராட் பாலத்தின் தென்முனையை ஒட்டியிருந்த செனாக் என்னும் ஊர், ஸ்குவாமிஷ் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட சுமார் 80 ஏக்கரில் அமைந்திருந்தது. அதன் பகுதிகள் தொடர்வண்டிப் பாதைக்கென எடுக்கப்பட்டன. 1913-இல் மாகாண அரசு அங்கு வாழ்ந்த குடும்பங்களைப் படகிலேற்றி அப்புறப்படுத்தியது, வீடுகள் எரிக்கப்பட்டன. தொடர்வண்டித் தேவை ஒழிந்தபின் நிலம் மீளவேண்டும் என்பதே பின்னாளைய வழக்கின் சாரம். 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறத்தாழ 10.5 ஏக்கரை ஸ்குவாமிஷ் மக்களுக்குரியதென உறுதிசெய்தது. நகரமன்றத் தீர்மானம் வர அப்போது இன்னும் 12 ஆண்டுகள் இருந்தன.

அந்நிலத்தில் 6,000-க்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடிகளைக் கட்டும் திட்டத்திற்கு ஸ்குவாமிஷ் உறுப்பினர்கள் 2019-இல் வாக்களித்து இசைந்தனர். ஒதுக்கீட்டு நிலமாதலால் நகரின் நிலப்பயன்பாட்டு விதிகள் அங்குச் செல்லா. கட்டட உயரத்திற்கு நகரமன்றத்தின் இசைவும் வேண்டியதில்லை. எனினும் குடிநீர், கழிவுநீர், தீயணைப்பு ஆகியவை நகரிலிருந்தே வரவேண்டும். ஆகவே 2022-இல் இரு தரப்பும் சேவை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டன: நகரம் சேவைகளை வழங்கும், ஸ்குவாமிஷ் அரசு அவற்றிற்குக் கட்டணம் செலுத்தும். பெயர்மாற்றங்களினும் (அவையும் வேண்டுவனவே) இவ்வொப்பந்தமே எடை மிக்கது எனலாம். இங்கு நகரமன்றம் முதற்குடியினருக்கு எதையும் அளிக்கவில்லை, மற்றோர் அரசோடு பேரம் பேசியது. அண்டையில் வாழ்வோர் சிலர் இவ்வொப்பந்தத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தனர். 2023-இல் அது தள்ளுபடியாயிற்று.