உங்களுக்குத் தெரியுமா? – தொண்டைக்கு ஒரு ஸ்ட்ரா

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் தேநீரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்கும்போது கூடவே ஒரு ஸ்ட்ராவும் தருகிறார்களே, பாடுகிறவர்கள் குடித்ததும் அதைத் தூக்கிப் போட வேண்டாம். கழுவி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குரலைப் பதப்படுத்த அதைவிடச் சுலபமான கருவி கிடையாது. அதில் உறிஞ்சக் கூடாது, அதற்குள் பாட வேண்டும். அவ்வளவுதான்.

✦

ஒரு கட்டை சுருதியில் ஆண் ஒருவர் ஆதார ஷட்ஜத்தில் நின்றால், அவருடைய குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 131 முறை மோதிப் பிரிகின்றன. ஐந்து கட்டையில் பாடும் பெண்ணுக்கு அது 196 முறை. மேல் ஷட்ஜத்தைத் தொட்டால் அப்படியே இரண்டு மடங்கு. ஐந்து கட்டையில் ஆதார ஷட்ஜத்தை மட்டும் ஒரு மணி நேரம் விடாமல் பிடித்தால் கணக்கு 7 லட்சத்தைத் தாண்டிவிடும். இத்தனை அடியையும் தாங்குவது இரண்டு சென்டிமீட்டர் நீளம்கூட எட்டாத மெல்லிய தசை மடிப்பு. இதை அறிந்த பிறகு, எழுந்ததும் எழாததுமாக மேல் ஸ்தாயியில் குரலை வீசிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

✦

ஸ்ட்ரா என்ன செய்கிறது? வாசல் குறுகியதால் வெளியே போகும் காற்றின் அழுத்தத்தில் ஒரு பங்கு தொண்டைக்கே திரும்புகிறது. அது குரல்நாண்களை மேலிருந்து தாங்கி, சற்றே விலக்கிப் பிடிக்கிறது. குறைந்த மூச்சிலேயே நாண்கள் அதிரத் தொடங்குகின்றன; மோதலும் மென்மையாகிவிடுகிறது. கையை ஓங்கி அறைவதற்கும் தொடையில் மெல்லத் தாளம் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. வாயை மூடி ‘ம்’ என்று தம்புராவோடு சேர்வதும், உதட்டைப் படபடக்கவிட்டு ஸ்வரம் பிடிப்பதும் இதே குடும்பம்தான்.

✦

பின்லாந்தில் 1960-களிலேயே அந்தி சொவியார்வி என்ற பேராசிரியர் 26 முதல் 28 சென்டிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழாயை வாயில் வைத்து, மறுமுனையைத் தண்ணீரில் அமிழ்த்திக் குரல் கொடுக்கச் சொன்னார். அமெரிக்காவில் இதன் இயற்பியலை விளக்கி, சாதாரண ஸ்ட்ராவையே பாடகர்களின் கையில் கொடுத்துப் பரப்பியவர் குரல் விஞ்ஞானி இங்கோ டிட்சே.

✦

செய்முறையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். கோப்பையில் பாதித் தண்ணீர். ஸ்ட்ராவின் நுனி இரண்டு விரற்கடை நனைந்தால் போதும். உதடு ஸ்ட்ராவைச் சுற்றிக் கவ்வட்டும், பல்லால் கடிக்க வேண்டாம். ‘ஊ’ என்று உங்களுக்குச் சௌகரியமான சுருதியில் குரல் கொடுங்கள். குமிழி ஒரே சீராக வர வேண்டும். விட்டுவிட்டு வந்தால் மூச்சு தடுமாறுகிறது. கோப்பை பொங்கி வழிந்தால் அதிகம் தள்ளுகிறீர்கள். கன்னமும் உதடும் லேசாகக் குறுகுறுக்கும். அந்தக் குறுகுறுப்பு வந்துவிட்டால் சரியாகச் செய்கிறீர்கள் என்று அர்த்தம். பிறகு மந்திர பஞ்சமத்திலிருந்து மத்திய பஞ்சமம் வரை வழுக்கியபடி ஏறி இறங்குங்கள். அதற்கும் பிறகு சரளி வரிசையோ, தெரிந்த ஒரு வர்ணமோ, சொல்லை விட்டு மெட்டை மட்டும் ஸ்ட்ராவுக்குள் பாடுங்கள். ஐந்து நிமிடம் தாராளம்.

பலர் செய்யும் தவறு, குரலே இல்லாமல் வெறும் காற்றை ஊதுவது. இன்னொன்று, பாதிக் காற்றை மூக்கு வழியே நழுவவிடுவது. நடுவில் மூக்கைப் பிடித்துப் பாருங்கள். ஒலி மாறினால் மூக்கில் கசிவு இருக்கிறது.

✦

ஸ்ட்ரா எவ்வளவு ஆழம் மூழ்குகிறதோ அவ்வளவு அழுத்தம் கொடுத்தால்தான் குமிழி வரும். 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 5 சென்டிமீட்டர் நீரழுத்தம். சாதாரணமாகப் பேசுவதற்கே நமக்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை தேவைப்படுகிறது. ஆகவே ஆழத்தைக் கூட்டுவதில் வீரம் காட்ட வேண்டாம்.

✦

‘பபள் டீ’ ஸ்ட்ரா இதற்கு ஆகாது. ஜவ்வரிசி உருண்டை ஏறி வரும் அகலத்தில் எதிர்ப்பே இருக்காது. காப்பி கலக்கும் மெல்லிய குழல் தண்ணீர் இல்லாமலே போதுமான எதிர்ப்பைத் தரும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மூச்சு முட்டும். நடுத்தர ஸ்ட்ராவில் தொடங்குங்கள். மார்வின் ஸ்டோன் 1888-இல் காப்புரிமை பெற்ற காகித ஸ்ட்ரா இப்போது மறுபடி ஊரெங்கும் வந்துவிட்டது. ஆனால் பயிற்சி முடிவதற்குள் அது நைந்துபோகிறது. கழுவிப் பயன்படுத்தும் சிலிகான் ஸ்ட்ரா உத்தமம்.

✦

விடியற்காலையில் ‘ஆ’ என்று நீட்டி அகார சாதகம் செய் என்று குரு சொல்வார். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை தூங்கும். இந்தச் சங்கடத்தில் சாதகத்தையே விட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஸ்ட்ராவுக்குள் பாடும் குரல் அடுத்த அறைக்கே சரியாகக் கேட்காது. அகார சாதகத்துக்கு இது மாற்று ஆகாது. அதற்கு முன்னால் செய்ய வேண்டியது. வகுப்புக்குப் போகிற வழியில் மின்தூக்கியில்கூடச் செய்துவிடலாம்.

✦

அதிமதுரமும் மிளகுப் பாலும் குரல்நாண்களைத் தொடுவதே இல்லை! விழுங்கும் எதுவும் உணவுக்குழாய் வழியே போய்விடும்; தப்பித் தவறி நாணில் பட்டால் இருமித் தள்ளிவிடுவோம். தொண்டைக்கு அவை இதம் தரும், அதற்குமேல் இல்லை. நாண்களை நேராகத் தொடுவது நீராவியும் நாம் இழுக்கும் காற்றும்தான். சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். வெளியே பாடகருக்குச் சொர்க்கம். ஆனால் நாம் பாடுவதெல்லாம் குளிரூட்டிய அரங்கின் வறண்ட காற்றில். குடிக்கும் தண்ணீரும் நாண்களை நேராகத் தொடாது; ஆனாலும் உடல் வழியே அவற்றை ஈரமாக வைக்கும். அதனால் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடியுங்கள்.

✦

உலகக் குரல் நாள் ஏப்ரல் 16. 1999-இல் பிரேசிலில் தேசிய நாளாகத் தொடங்கியது. நமக்கு அது தமிழ்மொழி விழா நடக்கும் மாதம்; பேச்சுப் போட்டி, பாட்டுப் போட்டி என்று பிள்ளைகளின் தொண்டை ஓயாத நேரம். 1949-இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் முதல் அக்கம்பக்கத்து வீட்டு வகுப்புகள் வரை, இந்த ஊரில் பாட்டுச் சொல்லிக் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு வகுப்பும் ஐந்து நிமிட ஸ்ட்ராவோடு தொடங்கினால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

✦

கரகரப்பு 4 வாரம் தாண்டினால் ஸ்ட்ராவைக் கீழே வைத்துவிட்டுக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறல், விழுங்குவதில் சிரமம், இருமலில் ரத்தம் என்றால் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது.

✦

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடிக்குப் பின்னால் பாடிக்கொண்டு போகிறவர்கள் நடையை நினைத்துக் காலுக்கு எண்ணெய் தேய்ப்பார்கள். தொண்டையை யாரும் நினைப்பதில்லை. ஒரு வருடம் அண்ணன் மகனின் காவடிக்கு முன்னும் பின்னும் ஓடி ‘அரோகரா’ போட்டதில், மறுநாள் காலை என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. அண்ணி கேட்டதற்குக் கையைக் காட்டிப் பதில் சொன்னேன். அடுத்த வருடம் புறப்படும் முன் குழுவில் எல்லோரும் வட்டமாக நின்று ஸ்ட்ராவுக்குள் முனகினோம். நடுநடுவே ஓய்வெடுத்தோம். வீடு திரும்பியதும் இன்னொரு முறை, மெதுவாக, மேலிருந்து கீழே இறங்கி இறங்கி. மறுநாள் காலை அண்ணியை நான்தான் தொலைபேசியில் கூப்பிட்டேன்.